2009 போர் நாட்களில் விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி கேட்டவர்: புதுக்கோட்டைப் பெண்

வணக்கம். முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு, இலங்கையின் இறுதிப் போரை எதிர்த்து 2008-09ல் தமிழ்நாட்டில் நடந்த மாணவர் போராட்டங்களை எடுத்திருக்கிறேன். பழைய நாளிதழ்களைப் புரட்டினால் தலைவர்களின் அறிக்கைகளும் அனைத்துக் கட்சிக் கூட்டமும் ராஜினாமாக் கடிதங்களும் வரிசையாகக் கிடைக்கின்றன. மாணவர்களைப் பற்றி மட்டும் "வகுப்புப் புறக்கணிப்பு", "மறியல், கைது" என்று இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்குள் இருந்தவர்களைத்தான் தேடுகிறேன்.

கல்லூரிகளை மூடியபோது எங்கே போனீர்கள்? வீட்டில் என்ன சொன்னார்கள்? வருகைப்பதிவு, தேர்வு எல்லாம் என்ன ஆயிற்று? பெண்கள் வந்தார்களா? அகதி முகாம்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் கூட நின்றார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையிலேயே போர் நிற்கும் என்று நம்பினீர்களா? எனக்கு அப்போது பள்ளியில் சேர்க்கும் வயது. அதனால் எவ்வளவு சாதாரண விஷயமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

பதில்: முக்கூடல்காரன்

நம்பினோம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி, அது தெரியாமல் மற்றது எதுவும் விளங்காது. 2004 தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஒரே கூட்டணி அள்ளியிருந்தது. டெல்லி ஆட்சிக்கு அந்த எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்று எங்களுக்குத் தெரியும். 2008 அக்டோபர் 14 அன்று அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, இரண்டு வாரத்துக்குள் போர்நிறுத்தம் வராவிட்டால் எம்.பி.க்கள் எல்லாரும் பதவி விலகுவார்கள் என்று முடிவெடுத்ததும், எங்கள் விடுதிச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் கெடு நாளைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தோம். 24-ம் தேதி சென்னையில் கொட்டுகிற மழையில் மனிதச் சங்கிலி நடந்தது. அதற்கடுத்து அப்போதைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து முதலமைச்சர் கருணாநிதியைப் பார்த்துவிட்டுப் போனார். ராஜினாமாப் பேச்சு அத்தோடு அடங்கிவிட்டது. பெரியவர்கள் செய்வார்கள் என்று காத்திருந்த பையன்கள் தெருவுக்கு வந்தது அதற்கப்புறம்தான். இதை உங்கள் ஆய்வேட்டில் அழுத்தி எழுதுங்கள்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுவாள். அரசு விடுதியில் இடம் கிடைத்ததால்தான் கல்லூரி. விடுதி என்றால் எங்களுக்கு மூன்று வேளைச் சோறு, ஒரு டியூப்லைட், ஊரில் கிடைக்காத சேக்காளிகள். எல்லாப் பேச்சும் சாப்பாட்டுக் கூடத்தில்தான். ராத்திரி தட்டோடு உட்கார்ந்தால் ஒருவன் தினத்தந்தியை உரக்க வாசிப்பான். ப்ரௌசிங் சென்டருக்குப் போய் வந்தவன் புதினம் என்ற ஈழச் செய்தித் தளத்தில் படித்ததைச் சொல்வான். பரந்தன், கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஏ-9 சாலையோரத்து ஊர்களும் அதற்குக் கிழக்கே இருக்கிற ஊர்களும் எங்களுக்குச் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் மாதிரி பழகிவிட்டன. ஒரு பையன் புவியியல் துறையிலிருந்து இலங்கை வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்து ஒட்டினான். ராணுவம் பிடித்த ஊரையெல்லாம் பென்சிலால் நிழலடித்தோம். ஜனவரி 2 கிளிநொச்சி. 25 முல்லைத்தீவு. வெள்ளையாக மிச்சமிருந்த இடம் கட்டைவிரலால் மூடிவிடுகிற அளவுக்குச் சுருங்கியது. அதற்குள் லட்சக்கணக்கான சனம் இருக்கிறது என்பதைத்தான் எங்களால் ஜீரணிக்க முடியவில்லை.

எல்லாரும் ஒரே கருத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புலிகளைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் இருந்தார்கள். ராஜீவ் கொலையைச் சொல்லி அவர்களை அறவே ஒதுக்கியவர்களும் அதே அறையில் படுத்தார்கள். இரண்டிலும் சேராமல் "அங்க பிள்ளைக சாகுது, அத நிப்பாட்டச் சொல்லு" என்றவர்கள்தான் அதிகம், நானும் அதில் ஒருவன். ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை நடக்கும், சில நாள் சட்டையைப் பிடிக்கிற அளவுக்கும் போகும். ஆனால் காலையில் வாசலில் நின்று போட்ட கோஷம் ஒன்றுதான்: போரை நிறுத்து. இன்றைக்கு அந்தக் கூட்டத்தை ஏதோ ஒரு கட்சியின் கணக்கில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மறியல் எப்படி நடக்கும் என்று கேட்டால், கல்லூரி வாசலில் கூடி கொக்கிரகுளத்தில் இருக்கிற ஆட்சியர் அலுவலகத்துக்கு நடப்போம். பெரும்பாலும் வண்ணார்பேட்டை தாண்ட விட மாட்டார்கள். பஸ்ஸில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். பெயர், அப்பா பெயர், ஊர், கல்லூரி எழுதிக்கொள்வார்கள். மத்தியானம் பொட்டலத்தில் சாம்பார் சாதம். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். பயம் எல்லாம் அந்த நோட்டில் எழுதின பெயரில்தான் இருந்தது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காவல்துறை விசாரணை வரும் என்று வீட்டுக்கு ஒருவராவது சொல்லி வைத்திருந்தார்கள். எங்கள் அப்பா ஒரு நாள் நேரிலேயே வந்து, விடுதி வாசலில் நின்றபடி, "நீ ஒருத்தன் போகாட்டா அங்க சண்டை நிக்காதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கொண்டுவந்த முறுக்குப் பையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பெண்கள் வந்தார்கள். வீட்டிலிருந்து வருகிறவர்கள் வகுப்பை விட்டு இறங்கி வாசலில் உட்கார்ந்தார்கள். விடுதிப் பெண்களை வெளியே விடவில்லை, பூட்டிய கேட்டுக்கு உள்ளே வரிசையாக நின்று கோஷம் போட்டார்கள். அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் இல்லை, எந்த நாளிதழிலும் இல்லை. முடிந்தால் அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

ஜனவரி 29, வியாழக்கிழமை. சென்னை நுங்கம்பாக்கத்தில் சாஸ்திரி பவன் முன்னால் முத்துக்குமார் தீக்குளித்தார் என்று மத்தியானம் எஸ்.எம்.எஸ். வந்தது. 26 வயது, தூத்துக்குடி மாவட்டம் கொழுவைநல்லூர்க்காரர், பத்திரிகை அலுவலகத்தில் வேலை. எங்கள் பக்கத்துப் பையன். அவர் விட்டுப்போன நான்கு பக்கத் துண்டறிக்கையின் நகல் மறுநாளே கிடைத்துவிட்டது. "விதியே விதியே" என்ற பாரதியின் வரிதான் தலைப்பு. சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் நின்று முழுவதையும் வாசித்தான். மாணவர்களை நோக்கியும் அதில் பேசியிருந்தார். எங்களுக்கே எழுதின கடிதமாகத்தான் அதைக் கேட்டோம். ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சாவை நான் அன்றைக்கும் கொண்டாடவில்லை, இன்றைக்கும் இல்லை. அவர் உயிரோடு இருந்து எழுதியிருக்க வேண்டியவர். அடுத்த வாரங்களில் வேறு சிலரும் அதே வழியில் போனார்கள். எங்கள் அறையில் இருந்த மூத்த மாணவர் ஒருவர், "இதுக்கு மேல யாரும் இப்படிப் பேசக்கூட கூடாது, யார் மனசு சரியில்லன்னாலும் என்கிட்ட வாங்க" என்று ஒவ்வொரு அறையாகப் போய்ச் சொன்னார். அந்த நாட்களில் நடந்த மிக நல்ல காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

31-ம் தேதி சென்னையில் கொளத்தூரிலிருந்து மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும் ஊர்வலம் போனது. அதையொட்டியே கல்லூரிகளைக் காலவரையின்றி மூடும் உத்தரவும் வந்தது. விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இங்கேதான் நான் விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

போலீஸ் லத்தியை விட அந்தப் பூட்டுதான் எங்களை முடித்தது. அடி விழுந்திருந்தால் அடுத்த நாள் இரண்டு மடங்கு பேர் வந்திருப்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டால் யார் நிற்பது? சமையல்காரர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்த அன்று, வெளியே தங்கி ஒரு வேளை சாப்பிடக் காசு உள்ளவன் எத்தனை பேர் என்று பார்த்தோம். விரல் விட்டு எண்ணிவிடலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆளாளுக்குப் பஸ் ஏறினோம். தென்காசி, சங்கரன்கோவில், திசையன்விளை, நாங்குநேரி என்று சிதறியாயிற்று. பிப்ரவரி 4-ம் தேதி இலங்கைத் தமிழர் பாதுகாப்பு இயக்கம் முழு அடைப்பு அறிவித்தது. எங்கள் ஊரில் நானும் இன்னும் சில பையன்களும் பஸ் நிறுத்தத்தில் கறுப்புக் கொடி கட்டினோம். பார்க்க யாருமில்லை. அதே வாரத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடி இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டே மக்கள் டி.வி.யில் அதைக் கேட்டேன்.

மறுபடி திறந்தபோது கூட்டம் பழையபடி சேரவில்லை. உள்மதிப்பீட்டுத் தேர்வுகளை அடுக்கடுக்காக வைத்தார்கள். வருகைப்பதிவு குறைந்தவர்களின் பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டினார்கள், போராட்டத்தில் முன்னால் நின்றவர்கள் அதில் முன்னால் இருந்தார்கள். அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுதினேன். அந்தப் பணம் அம்மாவின் பீடிக் கூலி. பிப்ரவரி 19 உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்களைப் போலீஸ் அடித்த செய்தி வந்தது. ஏப்ரல் 27 அண்ணா சமாதியில் முதலமைச்சரின் உண்ணாவிரதம், காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்தது. மே 13 வாக்குப்பதிவு, 16 முடிவுகள், ஆளுங்கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் 27 இடம். 18-ம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது.

ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள். கடைசிக் கட்டத்தில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அதில் இருக்கிறது. அரசுப் படைகள் மருத்துவமனைகளைச் சுட்டதும் இருக்கிறது, புலிகள் மக்களை வெளியே போகவிடாமல் தடுத்ததும் இருக்கிறது. எங்கள் அறையில் சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேரும் சொன்னதில் பாதிப் பாதி உண்மை அதில் இருந்தது. நடுவில் நின்று நிப்பாட்டச் சொன்னவர்கள் கேட்டதை மட்டும் யாரும் செய்யவில்லை.

பதில்: கும்மிடிப்பூண்டி முகாம்

முகாம் பிள்ளைகள் கூட நின்றார்களா என்று கேட்டிருக்கிறீங்கள். நான் நிற்கவில்லை. அப்ப சென்னையில் பி.காம். இறுதி வருஷம். அம்மாவும் அப்பாவும் 1990-ல் இலங்கையில இருந்து படகேறி, ராமேஸ்வரம் பக்கம் இருக்கிற மண்டபம் முகாமுக்கு வந்து, பிறகு இங்க மாற்றப்பட்டவை.

வகுப்பில் எல்லாருக்கும் நான் முகாம் என்று தெரியும். "உங்க சனத்துக்காகத்தானே போறோம், நீ வரலியா?" என்று ஒரு தோழி கேட்டாள். அவள் மேல் கோபமில்லை, நல்ல மனசோடதான் கேட்டாள். ஆனால் எங்களுக்கு முகாமில் பதிவு இருக்கு. எங்களைக் கண்காணிக்கிற கியூ பிராஞ்ச் போலீஸ் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். அந்த மாசங்களில் யார் வெளியே போனது, எத்தனை மணிக்குத் திரும்பினது என்ற கேள்வி கூடிப் போச்சு. கல்யாண மண்டபத்தில் உங்கட பெயரை எழுதினால் சாயங்காலம் வீட்டுக்கு விடுவார்கள். என்ட பெயரை எழுதினால் அப்பாவைச் சிறை மாதிரி அடைத்து வைக்கிற சிறப்பு முகாமில் போடுவார்களோ என்று அம்மா நடுங்கினவ.

கல்லூரியை மூடினது எனக்கு வேறு மாதிரி. வகுப்புக்குப் போனால் நாலு மணித்தியாலமாவது வேறு விஷயம் யோசிக்கலாம். மூடினதும் பகல் முழுக்க முகாம்தான். அம்மாவின் தங்கச்சி, எங்கட சித்தி, விசுவமடுவில இருந்தவ. ஜனவரி நடுவில ஒருக்கா போன் வந்தது, சாமான்களைக் கட்டிக்கொண்டு கிழக்கால போறம் என்று சொன்னவ. அதுக்குப் பிறகு ஒன்றுமில்லை. இரவில் பிபிசி தமிழோசை தொடங்கினால் எங்கட வரிசையில் எல்லா வீட்டிலும் ஒரே குரல் கேட்கும், நடந்து போனாலும் ஒரு சொல்லும் விடுபடாது. பெயர்ப் பட்டியல் ஏதும் வாசிப்பார்களோ என்று அம்மா காதை ரேடியோவிலேயே வைத்திருப்பா. ஏப்ரலில் பரீட்சை எழுதினேன். என்ன எழுதினேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை, ஆனால் பாஸ்.

ஜூனில்தான் தெரிஞ்சது, சித்தியும் மூத்த மகளும் வவுனியாவில மெனிக் ஃபார்ம் முகாமில். சித்தப்பாவும் சின்னவனும் இல்லை.

முக்கூடல்காரன் அண்ணா, அந்தக் கறுப்புக் கொடியைப் பார்க்க யாருமில்லை என்று எழுதியிருக்கிறீங்கள். பத்திரிகையில் வந்த ஒவ்வொரு மறியல் செய்தியையும் எங்கட அம்மா வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தவ. திருநெல்வேலிச் செய்தியும் அதில் இருந்தது.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர்

நான் அப்போது மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். 1965 இந்தி எதிர்ப்பின்போதும் கல்லூரிகளை மூடித்தான் பார்த்தார்கள். என் அண்ணன் அப்போது மதுரையில் மாணவர். ஊருக்கு அனுப்பப்பட்ட பையன்கள் போன ஊரிலெல்லாம் போராட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள் என்று அவர் சொல்வார். 2009-ல் அது ஏன் நடக்கவில்லை என்று ஆய்வு செய்யுங்கள் அம்மா. என் அபிப்பிராயம், செமஸ்டர் முறையும் உள்மதிப்பெண்ணும் பெரிய காரணம். வருஷக் கடைசியில் ஒரே தேர்வு என்றால் பிப்ரவரியில் தொலைத்ததை மார்ச்சில் படித்துக்கொள்ளலாம். 25 மதிப்பெண் துறை ஆசிரியர் கையில் இருக்கும்போது பையன் எப்படி எதிர்த்து நிற்பான்? என்னிடம் வந்து, "சார், இன்டர்னல்ல கை வச்சிருவீங்களா?" என்று நேராகக் கேட்ட மாணவர்கள் உண்டு. நான் கை வைக்கவில்லை. வைத்தவர்களும் இருந்தார்கள்.

பதில்: கோயம்பேடு 2013

நான் அடுத்த தலைமுறை. 2013 மார்ச் 8 அன்று லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 10-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. மறுநாளிலிருந்து மாநிலம் முழுக்கப் பற்றிக்கொண்டது. அதற்கு முந்தைய மாதம் பிரபாகரனின் மகன் பாலச்சந்திரன் கொல்லப்பட்ட படங்கள் வெளிவந்திருந்தன, பன்னிரண்டு வயதுப் பையன் கையில் தின்பண்டத்தோடு உட்கார்ந்திருக்கிற படமும் அதில் ஒன்று. அதைப் பார்த்துவிட்டு வகுப்பில் உட்கார முடியவில்லை.

எங்கள் போராட்டம் போர் எதிர்ப்பு என்று சொல்ல முடியாது, போர் முடிந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. போர்க்குற்ற விசாரணை, தனி ஈழத்துக்கான பொதுவாக்கெடுப்பு இரண்டும்தான் கோரிக்கை. மூடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும், 2009-ல் அடிபட்ட சீனியர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் விடுதி போனால் யார் வீட்டில் எத்தனை பேர் தங்குவது, சாப்பாடு யார் பொறுப்பு என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். எதிர்பார்த்தபடியே மார்ச் நடுவில் மூடினார்கள். அன்றைக்கும் பந்தலில் ஆள் குறையவில்லை. ஃபேஸ்புக் வந்திருந்ததும் பெரிய வித்தியாசம், மதுரையில் உட்கார்ந்ததைக் கோவைப் பையன் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடுவான். 19-ம் தேதி தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகியது. 21-ம் தேதி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானம் 25-க்கு 13 என்று நிறைவேறியது, 8 நாடுகள் நடுநிலை. நாங்கள் கேட்ட அளவுக்கு அதில் எதுவும் இல்லை. 27-ம் தேதி சட்டமன்றம் பொதுவாக்கெடுப்பு கேட்டுத் தீர்மானம் போட்டது. ஒரே மாதத்தில் இத்தனையும் அசைந்தது என்றால், முக்கூடல்காரன் அண்ணன் சொன்ன அந்த அடுப்பை நாங்கள் அணையவிடாததும் ஒரு காரணம்.

மறுமொழி: புதுக்கோட்டைப் பெண்

எல்லாருக்கும் நன்றி. கும்மிடிப்பூண்டி அக்கா, உங்கள் அம்மாவின் டின்னில் இருக்கிற நறுக்குகளைப் பார்க்க அனுமதி கிடைக்குமா? முக்கூடல் அண்ணா, அந்த வரைபடமோ துண்டறிக்கையோ வருகைப் பட்டியலோ ஏதாவது கைவசம் இருக்கிறதா?

மறுமொழி: முக்கூடல்காரன்

வரைபடம் இல்லை, விடுதியைக் காலி செய்த அன்றே கிழித்துவிட்டார்கள். துண்டறிக்கை நகல் இருக்கிறது, மடிப்பில் எழுத்து அழிந்திருக்கிறது, ஸ்கேன் பண்ணி அனுப்புகிறேன். அபராதம் கட்டின ரசீதும் இருக்கிறது. பட்டியல் கல்லூரி அலுவலகத்தில் இருந்தால் உண்டு, கேட்டுப் பார்க்கிறேன். அறை அறையாகப் போய்ச் சொன்ன அந்த மூத்த மாணவர் இப்போது தென்காசிப் பக்கம் பள்ளி ஆசிரியர். பேசச் சம்மதமா என்று கேட்டு உங்களுக்குத் தகவல் சொல்கிறேன். கேட்டுக்கு உள்ளே நின்ற பெண்களில் ஒருவர் என் மனைவியின் சிநேகிதி, முதலில் அவரிடம் பேசுங்கள்.

கும்மிடிப்பூண்டித் தங்கச்சி, அந்தத் திருநெல்வேலி நறுக்கில் தேதி இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.

மறுமொழி: கும்மிடிப்பூண்டி முகாம்

அம்மாவிடம் கேட்டேன். டின்னை வெளியே கொடுக்க மாட்டாவாம், வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுறா. நீங்கள் வரும்போது முகாம் வாசலில் சொல்ல வேண்டியிருக்கும், அடையாள அட்டையும் கல்லூரிக் கடிதமும் கொண்டு வாங்கோ. அண்ணா, நறுக்கில் தேதி 2008 நவம்பர் என்று அம்மா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறா. படத்தில் பஸ் ஜன்னலால் கையை வெளியே நீட்டிக்கொண்டு கொஞ்சப் பேர் நிற்கினம், முகம் தெளிவில்லை.